கார்த்திகைக்கு ஓர் எடைச் சீட்டு

வைகைக்கு இந்தக் கரையிலும் சரி, அந்தக் கரையிலும் சரி, நட்சத்திரம் என்று ஒன்று உண்டு என்பதைக் கடைசி ஆளாக ஒத்துக்கொண்டவர் எங்கள் சந்தேகம் அண்ணன்தான். ஒத்துக்கொண்டபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அதுவரைக்கும் ஊர் உலகமெல்லாம் கூடிப் பேசிவைத்துக்கொண்டு தன்னை மட்டும் ஏமாற்றுகிறது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவரை நம்பவைக்க நான் பட்ட பாட்டைக் கேட்டால் உங்களுக்கு என் மேல் இரக்கம் வரும். வராவிட்டாலும் கேளுங்கள்.

மேலூரைத் தாண்டி நான்குவழிச் சாலை ஓரத்தில் ஓர் எடைமேடை இருந்தது. கருங்கல் ஏற்றிய லாரி அந்த இரும்பு மேடையில் ஏறி நின்றால், பக்கத்து அறையில் இருக்கும் பெட்டியில் சிவப்பு எழுத்தில் எடை தெரியும். அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தவர்தான் சந்தேகம் அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எதிர்ப்பக்கத்துக் கல் பட்டறையில் லோடு அனுப்பும் குமாஸ்தாவாக நான் பதினோரு வருஷம் குப்பை கொட்டினேன். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேரும்போதே பாதி உயிர் போய்விடும். மீதிப் பாதியை அண்ணன் எடுப்பார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை, தொழில் அப்படி. லாரிக்காரர்கள் பண்ணாத தில்லுமுல்லு இல்லை. ஒருத்தன் பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்துவான். காலி எடை கூடினால் கல்லின் கணக்கு குறையும் என்று, ஒருத்தன் காலி வண்டியை எடை போடும்போது உள்ளே நாலு ஆளைப் படுக்கப் போட்டுக் கூட்டிக்கொண்டு வருவான். அதனால் அண்ணன் ஒவ்வொரு வண்டியையும் ஒரு சுற்று சுற்றிவந்து, குனிந்து பார்த்து, கேபினுக்குள் எட்டிப் பார்த்து, அதன் பிறகுதான் எடைச் சீட்டில் பேனாவால் கையெழுத்துப் போடுவார். கண்ணால் பார்க்காமல் போட்டதே கிடையாது.

"மிஷின் அடிக்கிறது ஆறு மாசத்துல மங்கிப் போயிரும் தம்பி. கையெழுத்து நிக்கும்" என்பார்.

தொழிலோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் மாஸ்டர் "சீனி போட்டாச்சுண்ணே" என்றால், "யாரு பாத்தது?" என்பார். கண்டக்டர் "அடுத்தது ஒத்தக்கடை" என்றால், ஜன்னல் வழியாகப் போர்டைப் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஒருநாள் பட்டறையின் பழைய முதலாளி தவறிவிட்டார் என்று செய்தி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணனும் கலங்கிவிட்டார். கலங்கிய கண்ணோடு, "யாரு பாத்தது?" என்று கேட்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பிறவியிலேயே மாலைக்கண். பகலில் கழுகுப் பார்வை. சூரியன் இறங்கினால் முடிந்தது, விளக்கு வெளிச்சம் இருக்கிற இடம் மட்டும்தான் தெரியும். ஆறு மணி அடிப்பதற்குள் லாரி டிரைவர் கருப்பையா தன் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். வண்டியிலிருந்து வாசல் கேட் நாலு அடி தூரம்தான் என்றாலும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவார். நிலாவை மட்டும் அண்ணனுக்குத் தெரியும். நட்சத்திரம் ஒன்றைக்கூடப் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"நிலாவ ஒத்துக்கிறேன். அது நான் பாத்தது. மத்தபடி மேல கோடிக்கணக்குல கெடக்குது, மினுக்குதுங்கிறீங்களே, அதுதான் எனக்கு இடிக்குது. அம்புட்டு கெடந்தா எனக்கு ஒண்ணுகூடவா தெரியாது?"

"படம் பாத்ததில்லையாண்ணே?"

"அச்சடிக்கிறவன் எத வேணா அடிப்பான். முறுக்கு பாக்கெட்டுல கூடத்தான் முறுக்கு பெருசா இருக்கு."

இதெல்லாம் சிரிப்புக்குச் சொல்கிறார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மதுரையில் ஒரு கோயிலுக்கு அவரோடு போனேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு இளவயசு பட்டர் கேட்டார்: "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

அண்ணன் குனிந்து, பட்டருக்கு மட்டும் கேட்கும்படி பேரைச் சொன்னார். "நட்சத்திரம் இன்னும் சரிபாக்கல சாமி" என்றார்.

பட்டருக்குப் புரியவில்லை. "ஜாதகத்துல என்ன போட்டிருக்கு?"

"கார்த்திகைன்னு போட்டிருக்கு. போட்டவன் பாத்தானான்னு தெரியல. பாக்காத ஒண்ண சாமி முன்னாடி எப்படி எம்பேருல சொல்றது?"

பின்னால் வரிசை நெளிந்தது. பட்டர் ஒரு கணம் யோசித்து, "சரி, ஸ்வாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று திரும்பிக்கொண்டார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்குன்னு ஒண்ணு இருக்குன்னு அம்பத்தெட்டு வருசமா எல்லாரும் சொல்றாங்க தம்பி. ஒரே ஒரு தடவ பாத்துட்டேன்னா நானும் சொல்லிட்டுப் போறேன்." எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அத்தனை நாள் சிரித்தது தப்பு என்று பட்டது.

அந்த வருஷம் தை மாதம் முடிந்ததும் அவர் ஓசூரில் மகள் வீட்டுக்குப் போவதாக முடிவாகியிருந்தது. எடைமேடையில் ஆளுக்குப் பதில் கேமரா வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. ஓசூரில் அவரோடு மல்லுக்கட்டி நட்சத்திரம் காட்ட யார் இருக்கிறார்கள்? ஆகவே தை முடிவதற்குள் கார்த்திகையை, வெறுங்கண்ணுக்கு ஆறோ ஏழோ புள்ளியாகத் தெரிகிற அந்த நட்சத்திரக் கூட்டத்தை, படம் பிடித்து அவர் கண்ணுக்கு முன்னால் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். இருட்டில் அவருக்குத் தெரியாதே தவிர, கேமராத் திரை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். எனக்கும் பத்து வருஷமாக ஒரு டெலஸ்கோப் ஆசை. ஒரு கல்லில் இரண்டு மாங்காய். நாங்கள்தான் கல் வியாபாரமாயிற்றே.

என் மனைவி செல்வியிடம் சொன்னேன். "ஒரே ஒரு தடவைதான். வாங்குனதுக்கப்புறம் இது சின்னது, அது பெருசுன்னு மாத்துற சோலியே வச்சுக்கக் கூடாது" என்றாள். நல்ல நிபந்தனைதான். அண்ணனிடம் சொன்னதுதான் தப்பாகிவிட்டது.

"வாங்குறத நான் பாத்துத்தான் வாங்கணும்" என்றார். "நீயா ஒண்ண வாங்கிட்டு வந்தா அதுக்குள்ளயே நட்சத்திரத்த ஒட்டி வச்சிருந்தா?"

எனக்குப் பெரிய குழாய் மேல்தான் கண். பீரங்கி மாதிரி, தண்ணீர்க் குடம் கொள்ளும் வாயோடு ஒன்றை இணையத்தில் பார்த்து வைத்திருந்தேன். படத்தை அண்ணனிடம் காட்டினேன். அவர் குழாயைப் பார்க்கவே இல்லை.

"இத எது தாங்கும்?"

"கீழ ஒரு ஸ்டாண்டு இருக்கும்ணே. பூமி சுத்துறதால நட்சத்திரம் நகந்துக்கிட்டே போகும். அதுகூடவே மெதுவாத் திரும்புற மாதிரி ஒரு சின்ன மோட்டார் கருவி. அது மேலதான் இத மாட்டணும்."

"இல்லாத ஒண்ணு நகர வேற செய்யுதா!" என்று ஒரு பெருமூச்சு விட்டார். "சரி, அந்தக் கருவி எம்புட்டு தாங்கும்?"

"பஸ்ஸுல தூக்கிட்டு வாரதுக்கு ஏத்த சின்னது அஞ்சு கிலோ தாங்கும்னு போட்டிருக்கு."

"குழா?"

"ஏழு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பதினோரு வருஷம் லோடு அனுப்பிய குமாஸ்தா பேசுகிற பேச்சா இது என்று அந்தப் பார்வை கேட்டது. "எந்த மடையனாச்சும் லாரி எதுன்னு பாக்காம கல்ல வெட்டுவானா? மொதல்ல வண்டி. அப்புறம் லோடு. சின்ன வண்டின்னா சின்ன லோடு."

பிறகு நான் இந்த விஷயம் தெரிந்த எத்தனையோ பேரிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்: படம் எடுக்க ஆரம்பிப்பவன் முதலில் தாங்கியை, அதாவது அந்த மோட்டார் கருவியைப் பார்க்க வேண்டும், குழாய் சின்னதாக இருந்தால் போதும். வானத்தில் ஒரு புள்ளியைக்கூடப் பார்க்காத மனிதர் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிட்டார்.

சென்னையில் ஒரு கடைக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, விசாரணையை அண்ணனே நடத்தினார்.

"அஞ்சு கிலோ தாங்கும்னு போட்டிருக்கீங்களே, யாரு பாத்தது?"

"கம்பெனில டெஸ்ட் பண்ணியிருப்பாங்க சார்."

"பண்ணியிருப்பாங்களா, பண்ணுனாங்களா?"

நான் போனை வாங்கக் கையை நீட்டினேன். அண்ணன் தட்டிவிட்டார்.

"நீங்க ஏத்திப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன் சார். உண்மையச் சொல்லணும்னா, சும்மா கண்ணால பாக்குறதுக்கு அஞ்சு கிலோ ஏத்தலாம். போட்டோ எடுக்கணும்னா மூணு, மூணரைக்கு மேல வேண்டாம். ஆடும்."

அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டார். முகமெல்லாம் மலர்ச்சி. "தம்பி, இவன் நல்லவன். தன் சரக்க தானே கொறச்சுச் சொல்றான் பாரு. இவன்கிட்டயே வாங்கு."

தாங்கி முடிவாயிற்று. அடுத்தது குழாய். எங்கள் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி மாணவர் தன்னிடமிருந்த பழைய லென்ஸ் டெலஸ்கோப்பை மலிவாகத் தருவதாகச் சொன்னார். பார்க்க அழகாக இருந்தது. வாங்கிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனை வரவழைத்தேன். மொட்டைமாடியில் வைத்து, எதிரே கரண்டுக் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காயைக் காட்டினேன். அண்ணன் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"காக்கா என்ன கலரு?"

"கருப்புண்ணே."

"ஊதாக் கலர்ல கரை போட்டு உடுத்தியிருக்கே?"

எட்டிப் பார்த்தேன். நிஜம்தான். காக்காயைச் சுற்றி மெலிசாக ஊதா விளிம்பு. அந்த மாணவர் நல்ல பிள்ளை, மறைக்காமல் சொன்னார்: சாதாரண லென்ஸில் எல்லா நிறமும் ஒரே இடத்தில் வந்து சேராது, பளிச்சென்று இருக்கும் பொருளைச் சுற்றி இப்படி ஊதா கசியும், இதைக் குறைக்க விசேஷக் கண்ணாடியில் செய்த லென்ஸ் தனியாக உண்டு என்று.

"எறங்கு தம்பி, போவோம்" என்றார் அண்ணன். "இல்லாத கலரக் காட்டுறது இல்லாத நட்சத்திரத்தையும் காட்டும்."

ஆக விசேஷக் கண்ணாடி. அதிலும் இரண்டு லென்ஸ் வைத்தது, மூன்று லென்ஸ் வைத்தது என்று இருந்தது. மூன்றில் நிறம் இன்னும் சுத்தமாக வரும் என்று நான் ஆசையோடு வாசித்தேன். எடையையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "ஓவர்லோடு" என்று கேஸை மூடிவிட்டார். கடைசியில் அறுபது மில்லிமீட்டர் வாய், இரண்டு விசேஷ லென்ஸ், முழங்கை நீளத்தில் ஒரு குழாய். பெட்டி வந்த அன்று செல்வி பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இம்புட்டுத்தானா? நம்ம வீட்டுக் காப்பி ஃபிளாஸ்க்கு இதவிடப் பெருசா இருக்கே." மாற்றக்கூடாது என்று சொன்னவளும் அவளேதான். வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணன் விடவில்லை. மொத்த லோடு எவ்வளவு என்று போட்டுப் பார்க்க வேண்டுமாம். நாற்பது டன் லாரி நிற்கிற எடைமேடையின் நடுவில் டெலஸ்கோப்பைக் கொண்டுபோய் வைத்தார். பெட்டியில் பூஜ்யம் காட்டியது. "எடையே இல்லையேய்யா!" என்று அலறினார். பத்து கிலோவுக்குக் கீழ் எதுவும் அந்த மேடைக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அலறினார். மறுநாள் சிம்மக்கல்லில் அவருக்குத் தெரிந்த பூண்டு மண்டியில் எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வொன்றாக ஏற்றினோம். குழாய், அதன் வளையம், கேமரா, ஒயர், கடைசியில் லென்ஸ் மூடி வரைக்கும். பூண்டு வாங்க வந்த ஓர் அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது கிலோ என்னண்ணே?" என்று கேட்டது. மூன்று கிலோவும் சொச்சமும் வந்தது. அண்ணன் மண்டி மூட்டையின் மேல் உட்கார்ந்து, "ஏத்தலாம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை. எங்கே வைத்து எடுப்பது? அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். "மேலூர் தாலுகாவுலயே சமமான எடம் என் மேடைதான். ரசமட்டம் வச்சுப் பாரு, குமிழி நடுவுல நிக்கும்." வைத்துப் பார்த்தேன், நின்றது. பெரிய விளக்கை அணைத்துவிட்டு, அண்ணனை அவருடைய அறையில் சின்ன டியூப் லைட் வெளிச்சத்தில் உட்கார்த்தி வைத்தேன். மேடையின் நடுவில் முக்காலியை விரித்தேன். கருவியைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைத்தால்தான் வானத்தோடு சரியாகத் திரும்பும். நம் ஊரில் அது ரொம்பத் தாழ்வாக, பனைமட்டைக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கும். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் என் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

"என்ன பண்ற?" அறையிலிருந்து குரல்.

"துருவ நட்சத்திரத்தத் தேடுறேண்ணே. அத வச்சுத்தான் மத்தத எடுக்கணும்."

"ஒரு நட்சத்திரத்துக்கு இன்னொரு நட்சத்திரம் ஜாமீனா? வெளங்கும்!"

ஒரு மணி நேரம் எடுத்தேன். கேமராவைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். திரையில் கார்த்திகை இருந்தது, ஆனால் ஒவ்வொரு நட்சத்திரமும் நெளிநெளியாக அரிசிப் புழு மாதிரி இருந்தது. அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இதுவா தம்பி? இதுக்கா எல்லாரும் கவிதை எழுதுறாய்ங்க?"

ஏமாற்றத்தை மறைக்கத்தான் நக்கல் பண்ணினார். எனக்குத் தெரிந்தது. எனக்கும் அழுகை வரும்போல இருந்தது. தை முடிய இன்னும் மூன்று வாரம்தான்.

அப்போது அவருடைய பெட்டியில் சிவப்பு எழுத்து குதித்தது. பூஜ்யம், தொண்ணூறு, எண்பது, நூறு, தொண்ணூறு. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பாமலே கத்தினார்: "டேய் கருப்பையா! மேடையில என்னடா நடை?"

அண்ணனை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்த கருப்பையாவின் குரல் இருட்டிலிருந்து வந்தது. "அண்ணே! நான்னு எப்படித் தெரியும்?"

"தொண்ணூறு கிலோவுக்கு இந்தச் சாலையில வேற எவன் இருக்கான்?"

சொல்லி முடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெட்டியைப் பார்த்தார். புழுவைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார். "தம்பி, நீ போட்டோ எடுக்கையில எங்க நின்ன?"

"மேடையிலதான்."

"நடந்தியா?"

"குளிருக்கு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தேண்ணே."

"நீ அறுபது கிலோ. நடந்தா அம்பது, எழுபதுன்னு ஆடும். ரோட்டுல லாரி போனாலும் லேசா அதிரும்." சேரில் தொப்பென்று உட்கார்ந்தார். "என் மேடை ஆடுதுடா. ஆடாட்டி எடையே காட்டாதுல்ல. இருவது வருசமா அது மேல உக்காந்துக்கிட்டு, அசையாத எடம்னு பெருமை பேசியிருக்கேன் பாரு!"

பெற்ற பிள்ளையைப் பற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் கேள்விப்பட்டவர் மாதிரி இருந்தது அவர் முகம். கருப்பையாதான் வழி சொன்னார். எங்கள் பட்டறைக்குப் பின்னால் விலைபோகாத கருங்கல் ஒன்று, ஓரத்தில் விரிசல் விட்டது, இரண்டு வருஷமாகக் கிடந்தது. இருபது டன். "அது மேல வைங்கண்ணே. அத அசைக்கணும்னா என் வண்டிதான் வரணும்."

அடுத்து வந்த சனிக்கிழமை. கல்லின் மேல் முக்காலி. நாங்கள் எல்லாரும் கீழே. இந்தத் தடவை சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. கல் இருந்த இடத்துக்கும் எடை அறைக்கும் தூரம். பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தாலும் படம் கெட்டுவிடும். அண்ணன் அறையிலேயே வெளிச்சத்தில் இருக்கட்டும், எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"வர்ற வழியில கேமராவுல இருக்குற கார்டை மாத்திட்டா?"

"நானாண்ணே மாத்துவேன்?"

"நீ மாத்த மாட்ட. ஆனா பாக்காம நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

ஆக, அவருடைய சந்தேகமே அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு இருட்டுக்குள் வந்தது. ஐம்பத்தெட்டு வருஷத்தில் அந்த மனிதர் பொழுது சாய்ந்து வெட்டவெளியில் உட்கார்ந்ததே இல்லை. கருப்பையா ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்கார்த்தினோம். கடைசி டார்ச்சை அணைத்தேன். என் சட்டை நுனியை அவர் பிடித்தார். பிடி இறுகிக்கொண்டே போனது.

"தம்பி."

"இங்கதாண்ணே இருக்கேன்."

"என்ன பண்ணுது அது?"

"எடுத்துக்கிட்டு இருக்குண்ணே. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிமிசம்."

"சத்தமே காணோம்?"

"சத்தம் வராது."

"கருப்பையா எங்க?"

"இங்கிட்டுத்தாண்ணே, கொசு கடிச்சுக்கிட்டு கெடக்கேன்."

"கொசுவா உன்னையக் கடிக்குது, நீ கொசுவக் கடிக்கிறியா?" குரல் லேசாக நடுங்கினாலும் கேலி நிற்கவில்லை. நாற்பது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். சட்டை பிய்ந்தாலும் சரி என்று நானும் நகரவில்லை.

முடிந்ததும் கேமராத் திரையைத் திருப்பினேன். அவர் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "காலி எடை எங்க?"

"என்னது?"

"காலி வண்டி எடை போடாம லோடு எடை எழுதலாமா? அந்த மூடியப் போட்டு இதே மாதிரி ஒரு நிமிசம் எடு. ஒண்ணும் இல்லாட்டி என்ன வருதுன்னு மொதல்ல காட்டு."

மூடியைப் போட்டு அதே நேரத்துக்கு வெற்றுப் படம் எடுக்க வேண்டும், அதை வைத்துத்தான் கேமராவின் சொந்தக் கோளாறுகளைக் கழிக்க வேண்டும் என்று அந்தச் சென்னைக் கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். மூடியைப் போட்டேன். எடுத்தேன். திரை கன்னங்கரேலென்று வந்தது.

"ம். காலி" என்றார். "இப்ப லோடக் காட்டு."

காட்டினேன்.

ஏழு நட்சத்திரம். நீலம் தோய்ந்த ஏழு முத்து, நெளியாமல், ஊதாக் கரை கட்டாமல். சுற்றிலும் பொடிப் பொடியாக இன்னும் எத்தனையோ. அவற்றின் நடுவே மூச்சு விட்டாற்போல மெல்லிசாக நீலப் புகை. திரை வெளிச்சம் அண்ணன் முகத்தில் விழுந்தது. உதடு அசைந்தது, எண்ணினார். திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். கருப்பையாகூடக் கொசுவை அடிக்கவில்லை.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்து, மெதுவாக உச்சிக்கு நேராகத் தூக்கி வைத்தேன். தாடை முள்முள்ளாகக் குத்தியது. அண்ணாந்தபடியே இருந்தார். அவருக்கு அங்கே ஒன்றுமே தெரியாது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"ஒண்ணும் தெரியல தம்பி" என்றார். "ஆனா இருக்கு."

கண்ணோரத்தில் வழிந்ததை அவரும் துடைக்கவில்லை, நானும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு அறைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். விளக்கைப் போட்டு, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு சீட்டு அடித்தார். வண்டி எண் இருக்க வேண்டிய இடம் காலி. சரக்கு: கார்த்திகை. காலி எடை: பூஜ்யம். மொத்த எடை: பூஜ்யம். கீழே பேனாவால், எப்போதும் போடும் கிறுக்கலாக இல்லாமல், அழுத்தமாகத் தன் முழுப்பெயரைக் கையெழுத்தாகப் போட்டு என்னிடம் நீட்டினார். அன்றைக்குத்தான் அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரிந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அது எனக்குக் கொடுத்தது.

ஓசூருக்குப் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை திரும்பவும் அந்தக் கோயிலுக்குப் போனோம். அதே பட்டர். அவர் கேட்பதற்கு முன்னாலேயே அண்ணன், "கார்த்திகை சாமி, கார்த்திகை! பாத்தாச்சு!" என்று போட்ட சத்தத்தில் பிரகாரத்துப் புறாவெல்லாம் பறந்தது.

அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. மிஷின் அடித்ததெல்லாம் அவர் சொன்னபடியே மங்கிப்போய்விட்டது, சரக்கு என்ன என்றே தெரியவில்லை. கையெழுத்து மட்டும் நிற்கிறது. கார்த்திகை மாதத்திலிருந்து பங்குனி வரைக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஓசூரிலிருந்து போன் வரும். மகள், மருமகன், பேரன் என்று வீடு நிறைய ஆட்கள் இருக்க, இதை என்னிடம்தான் கேட்பார். ஒரே கேள்வி, ஒரே பதில், அவ்வளவுதான்.

போன கார்த்திகையில் மதுரையில் மூன்று நாள் அடைமழை. ஏழு மணிக்குப் போன் அடித்தது. குடையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து மேலே பார்த்தேன். அடுப்புக்கரியைப் பூசின மாதிரி இருந்தது வானம்.

"தம்பி, மேல இருக்கா?"

"இருக்குண்ணே. அப்படியே இருக்கு."

"சரி" என்று வைத்துவிட்டார். யாரு பாத்தது என்று கேட்கவில்லை.